குறையாத புரோகால்சிடோனின்: மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு காய்ச்சல்

அம்பாசமுத்திரத்துக்குத் தென்மேற்கே, மணிமுத்தாறு செல்லும் வழியில் உள்ள மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து 58 வயதுப் பெண்மணி ஒருவர், ஆறு நாள் காய்ச்சலோடு பாளையங்கோட்டையில் நாங்கள் பணிபுரியும் மருத்துவமனைக்கு வந்தார். ஜனவரி மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வரப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் புல் இடுப்பளவுக்கு நிற்கும் நேரம். வீட்டில் பீடி சுற்றுவார். மாலையில் ஆடுகளுக்குப் புல் அறுக்கப் போவார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துவந்தார். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

முதல் இரண்டு நாட்கள் வீட்டில் கஷாயமும் பாராசிட்டமாலும். மூன்றாம் நாள் உள்ளூரில் ஒரு ஊசியும், மூன்று நாளைக்குச் செஃபிக்ஸிம் மாத்திரையும். தட்டணுக்கள் 90,000-க்கு இறங்கியிருந்ததால் டெங்குதான் என்று வீட்டில் முடிவு செய்து நிலவேம்புக் குடிநீர் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் காலை பேத்தியை மகள் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். எந்த நாள் என்று கேட்டதற்குத் தடுமாறியிருக்கிறார். மருமகள் அதைக் கவனித்து உடனே வண்டி பிடித்தார். இந்த நோயாளி உயிர் பிழைத்ததில் அந்த மருமகளின் கவனத்துக்கு முதல் பங்கு உண்டு.

வந்த அன்று

காய்ச்சல் 103.2 டிகிரி. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124. ரத்த அழுத்தம் 88/56. மூச்சு நிமிடத்துக்கு 28. அறைக் காற்றிலேயே ஆக்சிஜன் அளவு 92 சதவீதம். கழுத்து விறைப்பு இல்லை. நுரையீரலின் அடிப்பகுதியில் இரு பக்கமும் லேசான இரைச்சல். வயிற்றைத் தொட்டால் வலது மேல்புறம் மெல்லிய வலி. கைகால்களில் புண் எதுவும் தென்படவில்லை.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 12,800, தட்டணுக்கள் 62,000, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, சோடியம் 128. கல்லீரல் நொதிகள் இயல்பைவிட மூன்று, நான்கு மடங்கு. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் லிட்டருக்கு 3.4 மில்லிமோல். சிறுநீரில் சீழ் அணுக்கள் 8 முதல் 10. மலேரியாவுக்கான ரத்தப் பூச்சில் கிருமி இல்லை. டெங்குவுக்கான என்எஸ்1, ஐஜிஎம் ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் எதிர்மறை.

இந்தக் கட்டுரைக்குக் காரணமான இரண்டு எண்கள் இனி வருகின்றன. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரோட்டீன், அதாவது சிஆர்பி, லிட்டருக்கு 164 மில்லிகிராம். பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரோகால்சிடோனின் மில்லிலிட்டருக்கு 3.6 நானோகிராம்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்தார் இரண்டு நாள் முந்தைய ஆய்வகத் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் சிஆர்பி 9.8 என்று இருந்தது. வேகமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஏறத்தாழ இயல்பான அளவாகவே தெரியும். ஆனால் அந்த எண்ணின் அலகு லிட்டருக்கு மில்லிகிராம் அல்ல, டெசிலிட்டருக்கு மில்லிகிராம். எங்கள் உயிர்வேதியியல் நிபுணர்தான் அதைப் பார்த்துச் சொன்னார்: லிட்டர் கணக்கில் அது 98. ஆக, இரண்டு நாளில் 98-லிருந்து 164-க்கு ஏறியிருக்கிறது. சும்மா இருந்த சிஆர்பி திடீரென்று எழவில்லை. நம் மாவட்டத்திலேயே ஒரு ஆய்வகம் ஓர் அலகிலும் அடுத்த தெரு ஆய்வகம் இன்னோர் அலகிலும் அச்சிடுகின்றன. பத்து மடங்கு வித்தியாசம் ஒரு சிறிய எழுத்தில் ஒளிந்திருப்பது ஆபத்து. எல்லா ஆய்வகங்களும் ஒரே அலகில் சிஆர்பியை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

அந்த இரண்டு எண்களும் என்ன சொல்கின்றன

சிஆர்பி பழைய நண்பர். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். இன்டர்லூகின்-6 என்னும் செய்தி கல்லீரலை எட்டியதும் கல்லீரல் இதை உற்பத்தி செய்யத் தொடங்கும். தூண்டல் தொடங்கி ஆறு மணி நேரம்போல ஆன பிறகு ரத்தத்தில் ஏறும். உச்சத்தைத் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். தூண்டல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆனால் இதைத் தூண்டுவது பாக்டீரியா மட்டுமல்ல. மூட்டுவாதம், அறுவை சிகிச்சை, கணைய அழற்சி, மாரடைப்பு என எந்தத் திசு காயப்பட்டாலும் எழும். உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது.

புரோகால்சிடோனின் கதை வேறு. 116 அமினோ அமிலங்களால் ஆன புரதம் அது. கால்சிடோனின் என்ற ஹார்மோனின் முன்னோடி. நலமாக இருப்பவரின் உடலில் பெரும்பாலும் தைராய்டு சுரப்பியின் சி-செல்களே இதைத் தயாரித்து, அங்கேயே வெட்டி ஹார்மோனாக்கிவிடுகின்றன. எனவே ரத்தத்தில் இதன் அளவு 0.05 நானோகிராமுக்கும் கீழ். பாக்டீரியாவின் நச்சுகளும், அவற்றுக்கு எதிராக உடல் எழுப்பும் அழற்சிச் செய்திகளான இன்டர்லூகின்களும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் பரவும்போது கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று எங்கெங்கோ உள்ள செல்கள் அந்த மரபணுவை இயக்கத் தொடங்குகின்றன. அந்தச் செல்களிடம் அதை வெட்டும் ஏற்பாடு இல்லை; முழுசாகவே ரத்தத்தில் கொட்டுகின்றன. வைரஸ் தொற்றில் மேலோங்கும் இன்டர்ஃபெரான்-காமா இந்த உற்பத்தியை அடக்கிவைக்கிறது. பாக்டீரியாவையும் வைரஸையும் பிரித்துப் பார்க்க இது உதவுவதன் அடிப்படை இதுதான். பாக்டீரியா தொற்றில் இது கடுமையாக ஏறுவதை 1993-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்குள் எழத் தொடங்கும். ஒரு நாளுக்குள் உச்சம். உற்பத்தி நின்றால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

தாமிரபரணியில், பாபநாசம் அணையில் மதகை அடைத்த பிறகும் கீழே திருநெல்வேலியின் கொக்கிரகுளத்தில் தண்ணீர் வடிய நேரம் பிடிக்கும்; ஆனால் எவ்வளவு நேரம் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தும் மட்டம் இறங்கவில்லை என்றால் மதகு அடைபடவில்லை என்று பொருள். புரோகால்சிடோனினையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

எங்கள் நோயாளிக்கு வருவோம். 3.6 என்ற எண், குறைந்த ரத்த அழுத்தம், ஏறிய லாக்டேட், சர்க்கரை நோய், சிறுநீரில் சீழ் அணுக்கள். இவை எல்லாம் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தொடங்கி ரத்தத்தில் பரவிய கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாத் தொற்று என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பார். பணி மருத்துவர் கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு ஜோடி ரத்தக் கல்ச்சரும் சிறுநீர்க் கல்ச்சரும் எடுத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்கான பிப்பராசிலின்-டாசோபாக்டம் தொடங்கினார். உப்புநீர் ஏற்றியதும் ரத்த அழுத்தம் 104-க்கு வந்தது. நள்ளிரவில் லாக்டேட் 2.1. அந்த இரவு செய்ய வேண்டியது சரியாகவே செய்யப்பட்டது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆன்டிபயாட்டிக், புரோகால்சிடோனின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்கவும் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு மருந்து தொடங்குவதா என்பதை இந்த எண்ணைக்கொண்டு தீர்மானிக்க வேண்டாம் என்றே 2021-ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. மருந்தை எப்போது நிறுத்துவது என்பதற்குத்தான் மருத்துவரின் மதிப்பீட்டோடு சேர்த்து இதைப் பயன்படுத்தச் சொல்கிறது.

மூன்றாம் நாள் மாலை

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் ஆனது. காய்ச்சல் 102-க்குக் கீழே இறங்கவில்லை. தட்டணுக்கள் 41,000. ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் 88 சதவீதம்தான். மார்பு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் புதிய மங்கல். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. சிறுநீர்க் கல்ச்சரிலும் இல்லை. சிஆர்பி 188. புரோகால்சிடோனின் 4.1.

இந்த 4.1 என்ற எண்ணில் நான் சற்று அதிகம் நிற்க விரும்புகிறேன். முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டால் பெரிய ஏற்றம் இல்லை. 'கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது' என்று கடந்துபோகத் தோன்றும். ஆனால் முதல் நாள் கொடுத்த மருந்து கிருமியை அடக்கியிருந்தால், 48 மணி நேரத்தில் இந்த எண் 1.8-க்காவது வந்திருக்க வேண்டும். முழுதாக அடக்கியிருந்தால் ஒன்றுக்கும் கீழே போயிருக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் வெளியேற்றம் கொஞ்சம் தாமதமாகலாம் என்பது உண்மை. ஆனால் கிரியாட்டினின் 1.9 மட்டுமே இந்த அளவு தேக்கத்தை விளக்காது. உற்பத்தி தொடர்கிறது. தூண்டும் பொருள் உடலில் அப்படியே இருக்கிறது. நாம் கொடுத்த மருந்து அதைத் தொடவில்லை.

அன்று மாலைக் கலந்தாய்வில் இரண்டு யோசனைகள் எழுந்தன. மெரோபெனெமுக்கு மாற்றி, கூடவே டெய்கோப்ளானின் சேர்க்கலாம் என்பது ஒன்று. நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் நடப்பது இதுதான்: எண் இறங்கவில்லையா, ஒரு படி மேலே உள்ள மருந்து. அதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் இந்தியாவில் ஏராளம். ஆனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. வயிற்று அல்ட்ராசவுண்டில் சீழ்க்கட்டி இல்லை, பித்தப்பையில் கல் இல்லை, சிறுநீரகத்தில் அடைப்பு இல்லை. எதை நோக்கி மெரோபெனெம்?

இரண்டாவது யோசனை, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை மறுபடியும் பார்ப்பது. அதைத் தேர்ந்தோம்.

முதல் நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் சேலையோடுதான் பரிசோதித்திருந்தார்கள். கூட்டம், ஆண் மருத்துவர், நம் ஊர்ப் பெண்களின் கூச்சம். இவை எல்லாம் பரிசோதனையின் எல்லையைச் சுருக்கிவிடுகின்றன. இப்போது செவிலியர் திரையை இழுத்துவிட்டு, மருமகளை உடன் வைத்துக்கொண்டு பார்த்தார். காது மடலின் பின்புறம், அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, தொடை இடுக்கு. கடைசியில் இடுப்பில், வலப்பக்கம் சற்றுப் பின்னால், உள்பாவாடை நாடா இறுகும் கோட்டில் அது இருந்தது. பட்டாணி அளவு, நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம்.

"ஆச்சி, இது எத்தனை நாளாக இருக்கிறது?"

"அது நாடா உரசின புண் தாயி. வலிக்கவே இல்லை."

வலிக்கவில்லை என்பதுதான் முக்கியம். உண்ணியின் இளம்பருவப் புழு கடித்த இடத்தில் உண்டாகும் கறுத்த பொருக்கு வலிக்காது, அரிக்காது. உடுப்பு இறுகும் இடங்களிலும் தோல் மடிப்புகளிலும்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். மாநிறத்தோலில் எளிதில் கண்ணில் படாது. எல்லா நோயாளிக்கும் இருக்கவும் இருக்காது. இருந்தால், நம் பகுதியில் அந்தப் பருவத்தில் அதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை: ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல்.

பாக்டீரியாதான், ஆனால் வேறு பாக்டீரியா

ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷியும் ஒரு பாக்டீரியாவே. ஆகவே புரோகால்சிடோனின் பொய் சொல்லவில்லை. பாக்டீரியா என்றது; பாக்டீரியாதான். ஆனால் எந்தப் பாக்டீரியா, உடலின் எந்த மூலையில், எந்த மருந்துக்குப் பணியும் என்பதை அந்த எண் ஒருநாளும் சொல்வதில்லை. ஓரியன்ஷியா நம் செல்களுக்குள்ளேயே, குறிப்பாக ரத்த நாளங்களின் உள்சுவர்ச் செல்களுக்குள் வாழ்வது. பென்சிலின் வகையும் செஃபலோஸ்போரின் வகையும் இதன் மேல் வேலை செய்வதில்லை. உள்ளூரில் கொடுத்த செஃபிக்ஸிமும் நாங்கள் கொடுத்த பிப்பராசிலினும் ஒன்றும் செய்யாததற்குக் காரணம் அதுவே. மெரோபெனெமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு மாற்றியிருந்தால் விலை ஏறியிருக்கும், நோய் இறங்கியிருக்காது.

அன்றிரவே, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையான ஐஜிஎம் எலைசாவின் முடிவுக்குக் காத்திராமல், சிரை வழியாக டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் தொடங்கினோம். இரண்டையும் சேர்த்தது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். சாதாரண உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் ஒன்றே போதும். ஆனால் உறுப்புகள் பாதிக்கப்பட்ட கடுமையான நோயில், இரண்டையும் சேர்த்து ஏழு நாள் சிரை வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் ஏழு மையங்களில் நடத்திய ஆய்வு 2023-இல் நிறுவியது. மரணம், ஏழாம் நாளிலும் நீங்காத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டதில், இரு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதத்தினரும், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதத்தினரும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நம் மண்ணில், நம் நோயாளிகளிடம் செய்த ஆய்வு. இதைப் பெருமையோடு சொல்கிறேன்.

நான்காம் நாள் எலைசா முடிவு வந்தது. ஆய்வக வரம்பைவிடப் பல மடங்கு நேர்மறை. 72 மணி நேரக் கல்ச்சரிலும் வளர்ச்சி இல்லாததால் அன்றே பிப்பராசிலினை நிறுத்தினோம். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. அன்று மாலை புரோகால்சிடோனின் 1.7. ஏழாம் நாள் 0.48. உச்சத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் சரிவு. சிஆர்பி 142-க்கும், பிறகு 61-க்கும் வந்தது. முகமூடி கழன்றது. பேத்தியைப் பேத்தி பெயர் சொல்லியே அழைத்தார்.

எட்டாம் நாள்: இரு எண்களும் பிரிந்தபோது

எட்டாம் நாள் மதியம் மறுபடியும் 100.8 டிகிரி. வெள்ளணுக்கள் 13,200. சிஆர்பி 61-லிருந்து 94-க்கு ஏறியது. வார்டில் எல்லோர் முகமும் மாறியது. மருத்துவமனைத் தொற்றா? உண்ணிக் காய்ச்சல் திரும்புகிறதா? புதிய ஆன்டிபயாட்டிக் எழுதுவதா?

அன்றைய புரோகால்சிடோனின் 0.31. இறங்கியபடியே இருந்தது.

சிஆர்பி எழ, புரோகால்சிடோனின் விழ, இந்தப் பிரிவுதான் தேடுதலுக்குத் திசை காட்டியது. இடது முன்கையில் மருந்து ஏற்றும் குழலான கேனுலா இருந்த இடத்துக்கு மேலே சிவந்து, தொட்டால் கயிறுபோல் உருண்ட சிரை. சிரை வழி டாக்சிசைக்ளின் நாளத்தின் சுவரை எரிச்சலூட்டக்கூடியது. ஐந்து நாள் அது ஓடியிருக்கிறது. சிரை அழற்சி.

ஆனால் 0.31 என்ற எண்ணை மட்டும் நம்பி அமைதியாக இருந்துவிடவில்லை. ஓர் இடத்தில் அடங்கியிருக்கும் தொற்று, உதாரணமாகச் சிரையில் தேங்கிய சிறு சீழ், ரத்தத்தில் பரவாதவரை புரோகால்சிடோனினை உயர்த்தாமலும் இருக்கக்கூடும். எனவே கேனுலாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தை அழுத்திச் சீழ் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. ரத்தக் கல்ச்சர் அனுப்பினோம். மெக்னீசியம் சல்ஃபேட்-கிளிசரின் கட்டு போட்டோம். அடுத்த கைக்கு மாற்றி, மருந்தை நன்கு நீர்க்கவைத்து மெதுவாக ஏற்றினோம். புதிய ஆன்டிபயாட்டிக் எதுவும் தொடங்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்து அதைக் கடைப்பிடித்தோம். ஒன்பதாம் நாள் புரோகால்சிடோனின் 0.22, காய்ச்சல் இல்லை. பத்தாம் நாள் சிஆர்பி 42. ஏழு நாள் மருந்தும் முடிந்து அன்று வீடு திரும்பினார். அனுப்பிய கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

எண் எங்கெல்லாம் நம்மைத் திசைதிருப்பும்

இந்த நோயாளியிடம் பொருந்தி வந்தது எல்லோரிடமும் பொருந்தாது. பெரிய விபத்துக் காயம், தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை, இதயம் தளர்ந்த அதிர்ச்சி நிலை ஆகியவற்றில் பாக்டீரியா இல்லாமலேயே புரோகால்சிடோனின் ஏறும். பிறந்து முதல் இரண்டு மூன்று நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பாகவே உயர்ந்திருக்கும். பெரியவர்களின் வரம்பை அங்கே வைத்துப் பார்ப்பது தவறு. ஃபால்சிபாரம் மலேரியாவில் மிக உயரும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அடிப்படை அளவே சற்று உயரம். தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோயில் காய்ச்சலே இல்லாமல் உச்சத்தில் நிற்கும்.

மறுபக்கம் இதைவிடக் கவலைக்குரியது. காசநோயில் இந்த எண் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். இதய வால்வில் மெல்ல வளரும் தொற்றிலும் அப்படியே. தொற்று தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் எடுத்தால் எதுவும் தெரியாது. 'புரோகால்சிடோனின் நார்மல், ஆகவே தொற்று இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியை நினைத்தால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. மூன்று வாரக் காய்ச்சலும் எடைக் குறைவும் உள்ளவருக்கு 0.1 என்ற முடிவு எந்த ஆறுதலையும் தரக்கூடாது.

பரிசோதனை முறையும் கவனிக்கப்பட வேண்டியது. சிறு ஊர்களில் சில இடங்களில் அட்டை முறை உள்ளது: 0.5-க்குக் கீழ், 0.5 முதல் 2, 2 முதல் 10, 10-க்கு மேல் என்று பட்டைகளாகத்தான் சொல்லும். எங்கள் நோயாளிக்கு அந்த அட்டையைப் பயன்படுத்தியிருந்தால் முதல் நாளும் மூன்றாம் நாளும் ஒரே பட்டையில் விழுந்திருக்கும். அது 9-லிருந்து 3-க்கு நன்றாக இறங்கிய நோயாளிக்கும் விழும் அதே பட்டை. போக்கைப் பார்க்க வேண்டுமென்றால் துல்லியமான எண் வேண்டும். அதுவும் ஒரே கருவியில் எடுத்த எண்கள் வேண்டும்.

நிறுத்துவதற்கான துணிவு

நெதர்லாந்தில் 15 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. புரோகால்சிடோனின் உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ 0.5-ஐத் தொட்டாலோ ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தலாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை கூறப்பட்டது. மருந்து நாட்களின் இடைநிலை அளவு ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தது; இறப்பு கூடவில்லை, குறைந்தது. பிரிட்டனில் 2,760 நோயாளிகளிடம் நடந்து 2024 டிசம்பரில் வெளியான ஆய்விலும் புரோகால்சிடோனின் வழியில் சென்றவர்களுக்கு மருந்துக் காலம் சுமார் ஒரு நாள் குறைந்தது. அதே ஆய்வில் சிஆர்பியை வைத்துச் சென்றவர்களுக்குக் குறையவில்லை. இதற்கு எதிரான சான்றும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் 14 மருத்துவமனைகளில், மூச்சுக்குழாய்த் தொற்றோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையா என்று முடிவெடுக்க இதைப் பயன்படுத்தியபோது மருந்துப் பயன்பாடு குறையவில்லை. தொடங்குவதற்கு இந்த எண் பெரிய துணை அல்ல, நிறுத்துவதற்குத் துணை என்ற என் எண்ணத்துக்கு இந்த மூன்று ஆய்வுகளும் சேர்ந்து வலுவூட்டுகின்றன.

எங்கள் நோயாளியிடம் அது இன்னொன்றும் செய்தது. இறங்க மறுத்ததன் மூலம் எங்களைப் படுக்கையருகே திருப்பி அனுப்பியது. ஆய்வுகள் எதுவும் இதை ஒரு பயனாக எண்ணி அளப்பதில்லை. ஆனால் வார்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். குறையாத புரோகால்சிடோனின், 'பெரிய மருந்து எழுது' என்னும் ஆணை அல்ல. மருந்து தவறா, கிருமி வேறா, வடிக்கப்படாத சீழ் எங்காவது இருக்கிறதா, பார்க்காமல் விட்ட இடம் எது என்று நான்கு கேள்விகளை அது எழுப்புகிறது. அந்த நான்குக்கும் விடை நோயாளியின் உடலில் இருக்கிறது.

செலவையும் பேச வேண்டும். சிஆர்பியைவிடப் புரோகால்சிடோனின் பல மடங்கு விலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஒரு பரிசோதனை பல நாள் உழைப்பு. ஆகவே நாள்தோறும் எழுதும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் அந்தப் பரிசோதனை வேண்டாம். இந்த நோயாளிக்கு ஆறு முறை எடுத்தோம். ஒன்பதாம் நாள் எடுத்ததைத் தவிர்த்திருக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். காய்ச்சல் நின்று, கையும் தேறிவந்த நிலையில் அவர் சொன்னது நியாயம். மூன்றாம் நாள் எடுத்தது, பல ஆயிரம் ரூபாய் மெரோபெனெமைத் தடுத்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

பிறகு

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். கிரியாட்டினின் 0.9, தட்டணுக்கள் 2.4 லட்சம். இடுப்பில் பொருக்கு உதிர்ந்து சிறு தழும்பு. கையில் சிரை இன்னும் லேசாகத் தடித்திருந்தது, வலி இல்லை. புல் அறுக்கப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றோம்: முழுக்கைச் சட்டையும் காலை மூடும் உடுப்பும் போட்டுக்கொண்டு, புல்தரையில் உட்காராமல், கழற்றிய துணியைப் புல்மேல் விரிக்காமல், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, அன்றைய உடுப்பைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும். அதே தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் என்று மருமகள் சொன்னார். அவர்களை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகச் சொல்லி, மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறைக்கும் தகவல் அனுப்பினோம்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது சிஆர்பி முடிவுக்கு அருகில் அலகு தடித்த எழுத்தில் அச்சாகிறது. புரோகால்சிடோனின் கேட்கும் சீட்டில் இரண்டு வரிகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன: எந்தக் கேள்விக்காக இதைக் கேட்கிறீர்கள் என்பது ஒன்று, முந்தைய அளவும் எடுத்த நேரமும் என்பது மற்றொன்று. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மூன்று நாளைக்கு மேல் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரின் சேர்க்கைப் படிவத்திலும், அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, இடுப்புக் கோடு, தொடை இடுக்கு என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. பெண் நோயாளிகளுக்கு அவற்றைச் செவிலியர் பார்த்துக் கையெழுத்திடுகிறார்.